சூல்கொண்டவளின் சோறு: சென்னை மாகாணத்தில் பேறுகால உணவின் வரலாறு

கருவுற்ற பெண் எதை உண்ணலாம், எதை ஒதுக்க வேண்டும் என்பது பற்றித் தமிழகம் நெடுங்காலமாகப் பேசி வந்திருக்கிறது. அந்தப் பேச்சின் மிகப் பழைய எழுத்துத் தடம் சங்கப் பாடல்களில் கிடைக்கிறது. மருத்துவ அறிவுரை எதுவும் அங்கே இல்லை; மசக்கையைப் பற்றிய குறிப்புகளே உள்ளன. புறநானூற்றின் 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நாட்டைப் புகழும்போது, கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பதைத் தவிர அந்த மண்ணைப் பகைவர் எவரும் உண்டதில்லை என்கிறார். குறுந்தொகையின் 287ஆம் பாடல், நீர் சுமந்து மெல்ல நகரும் மேகத்துக்கு, பச்சைப் புளிமேல் ஆசை கொண்ட நிறைசூல் பெண்களை உவமை சொல்கிறது. மண் தின்பதும் புளிக்கு ஏங்குவதும் கேட்டவுடன் புரியும் அளவுக்கு அன்றாடமாக இருந்திருந்தால்தான் புலவர்கள் அவற்றை இப்படி எடுத்தாண்டிருக்க முடியும்.

மண் தின்னும் ஆசை இன்றும் மறையவில்லை. திருநீறு, சாம்பல், பல்பம், அரிசிக் கூடையிலிருந்து அள்ளிய பச்சரிசி என்று அது வேறு வேறு வடிவம் எடுக்கிறது. இரத்தத்தில் இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் இந்த ஆசை அதிகம் காணப்படுவதையும், குறையைச் சரிசெய்ததும் பலருக்கு அது அடங்கிவிடுவதையும் மருத்துவம் பின்னாளில் கவனித்தது. புலவர்கள் நாட்டின் வளத்துக்குச் சான்றாகக் கண்ட பெண்களில் சிலரேனும் சோகையால் வெளுத்தவர்களாக இருந்திருக்கக்கூடும்.

முறையான உணவு விதிகளை ஆயுர்வேத நூல்கள் வகுத்தன. சரக சம்ஹிதையின் சாரீரஸ்தானம் மாதவாரியாக ஒரு திட்டம் தருகிறது: முதல் மாதம் மருந்து சேர்க்காத பால், மூன்றாம் மாதம் தேனும் நெய்யும் கலந்த பால், நான்காம் மாதம் வெண்ணெய் என்று அது வளர்கிறது. குமட்டல் மிகுந்த மாதங்களில் நீர்மமான, எளிதில் செரிக்கும் உணவைச் சொல்லியிருப்பது நல்ல கவனிப்பின் விளைவு. ஆனால் பாலும் நெய்யும் அடிப்படையான இந்தத் திட்டம், தொழுவத்தில் கறவை மாடு நிற்கும் வீட்டுக்கானது. கூலிக்கு நாற்று நடப்போனவளின் வீட்டில் பழைய சோறும் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும்தான் இருந்தன.

எல்லா வீடுகளுக்கும் பொதுவாக இருந்தது வளைகாப்பு. ஐந்தாம், ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் நடக்கும் இந்தச் சடங்கில் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் எனச் சித்திரான்னங்கள் பரிமாறப்படும். அன்று அவளுக்குத்தான் முதல் இலை. ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, மாமியார் உண்டபின் பானையின் அடியில் எஞ்சியதை உண்டு பழகிய மருமகளுக்கு அது பெரிய மாற்றம். அதைத் தொடர்ந்து அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கம், கடைசி மாதங்களில் அவளுக்கு ஓய்வையும் கேட்டு உண்ணும் உரிமையையும் தந்தது. இந்த வழக்கத்தின் சத்துணவுப் பயன் குறைத்து மதிப்பிடப்பட்டே வந்திருக்கிறது. கருவின் எடை வேகமாகக் கூடும் மாதங்கள் அவைதாம்.

விலக்குகளின் கதை வேறு. உணவைச் சூடு, குளிர்ச்சி என்று பிரித்து, சூடான பொருள் கருவைக் கலைக்கும் என்று அஞ்சுவது தமிழகம் முழுவதும் பரவிய நம்பிக்கை. கேப்ரியெல்லா ஐக்கிங்கர் ஃபெர்ரோ-லூசி என்ற மானிடவியலாளர் கர்ப்பிணிகளின் உணவு விலக்குகளைத் தமிழகத்தில் நேரில் கேட்டறிந்து 1973இல் வெளியிட்டார். அவர் பதிவுசெய்த விலக்குகளில் பப்பாளியும் எள்ளும் உண்டு. எள் இந்த மண்ணின் பழைய பயிர். பப்பாளியோ நடு அமெரிக்காவில் தோன்றி, 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்தது. ஆகவே தொன்றுதொட்டு வருவதாகச் சொல்லப்படும் பப்பாளி விலக்குக்கு ஐந்நூறு ஆண்டுகூட நிறையவில்லை. புதிதாக வந்த பழத்தைச் சமூகம் ஏற்கெனவே இருந்த சூட்டுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

அந்த அச்சத்துக்கு ஒரு பகுதி ஆதாரமும் கிடைத்தது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் அடெபியி, கணேசன் அடைக்கன், பிரசாத் ஆகியோர் எலிகளை வைத்து நடத்திய ஆய்வு 2002இல் வெளிவந்தது. நன்றாகப் பழுத்த பப்பாளியின் சாறு சினை எலிகளுக்குத் தீங்கு செய்யவில்லை. காயில் வடியும் பால் கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்தது. காயையும் அரைப்பழத்தையும் தவிர்ப்பதில் பொருள் இருக்கிறது. கனிந்த பழத்தையும் சேர்த்து விலக்கியதால், வைட்டமின் ஏ சத்துக்கு வழி தரும் மலிவான பழம் ஒன்று ஏழைப் பெண்ணின் கைக்கு எட்டாமல் போனது. குங்குமப்பூ குழந்தையின் நிறத்தைக் கூட்டும் என்ற நம்பிக்கைக்கு இத்தகைய அரைகுறை ஆதாரமும் கிடையாது. நிறம் மரபணுவால் அமைவது.

விலக்குகளில் மிகவும் தீங்கு செய்தது எந்தப் பொருளையும் பெயர் சொல்லி விலக்கவில்லை. சோற்றின் அளவையே குறைக்கச் சொன்ன வழக்கம் அது. வயிறு முட்ட உண்டால் உள்ளே பிள்ளைக்கு இடம் இருக்காது என்றும், பிள்ளை பெருத்தால் பிரசவம் சிக்கலாகும் என்றும் மூத்த பெண்கள் எச்சரித்தார்கள். இதை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமாகாது. அறுவைச் சிகிச்சை எட்டாத காலத்தில், பால்ய வயதிலேயே மணமாகி இடுப்பெலும்பு முழு வளர்ச்சி பெறாத சிறுமிகளுக்குத் தலை சிக்கிய பிரசவம் மரணத்தில் முடிந்தது. அதைக் கண்ணால் கண்ட கிழவிகள் சிறிய பிள்ளையை வேண்டிக்கொண்டதில் அனுபவம் இருந்தது. எடை குறைந்து பிறந்த குழந்தை முதல் மாதத்திலேயே இறப்பதற்கும், தாய் இரத்தமின்றித் தளர்வதற்கும் அதே உணவுக்குறை காரணம் என்பதுதான் அவர்கள் பார்வைக்கு எட்டவில்லை.

அதைப் பார்க்கும் வாய்ப்பு மருத்துவமனைகளால் உண்டானது. 1844இல் சென்னையில் தொடங்கிய பிரசவ மருத்துவமனை பின்னர் எழும்பூருக்கு இடம் மாறி, இன்றுவரை தாய்சேய் மருத்துவமனையாக இயங்குகிறது. ஆண் மருத்துவரிடம் வரத் தயங்கிய சாதி இந்துப் பெண்களுக்காகவும் கோஷா எனப்படும் திரைமறைவு முறையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்களுக்காகவும், 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்த மேரி ஷார்லீப் 1885இல் விக்டோரியா மருத்துவமனைக்கு வித்திட்டார். திருவல்லிக்கேணியில் இன்றும் வட்டார மக்கள் கோஷா ஆஸ்பத்திரி என்றே அழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே. கர்ப்பிணிகள் பெருந்திரளாக ஒரே கூரையின் கீழ் வந்தபிறகு ஒரு நோய் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. நாக்கும் இமையின் உட்புறமும் வெளுத்து, கால் வீங்கி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கும் நிலையில் பெண்கள் வந்தார்கள். பிரசவத்தில் சிறிது இரத்தம் போனாலும் அவர்கள் பிழைக்கவில்லை.

இந்தச் சோகையின் காரணத்தைத் தேடி 1928இல் இந்தியா வந்தவர் லூசி வில்ஸ். இங்கிலாந்தின் சட்டன் கோல்ட்ஃபீல்டில் 1888இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று, பிறகு லண்டனில் மருத்துவம் கற்றவர். இந்தியாவில் தாய் மரணம் குறித்த விசாரணையில் ஈடுபட்டிருந்த மார்கரெட் பால்ஃபர் அவரை அழைத்தார். பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தில் தொடங்கிய பணி, குன்னூரின் பாஸ்டர் நிறுவனத்துக்கும் 1931இன் தொடக்கத்தில் சென்னை கோஷா மருத்துவமனைக்கும் நீண்டது.

அவர் தேடிய முறை கவனிக்கத்தக்கது. நோய்க்கிருமி ஏதும் காரணமாக இருக்குமோ என்று முதலில் பார்த்தார். அப்படி எதுவும் அகப்படவில்லை. பிறகு நோயாளிகளின் வீடுகளில் என்ன சமைக்கிறார்கள், எவ்வளவு உண்கிறார்கள், வருமானம் என்ன என்று தம் இந்தியச் சக ஆய்வாளர்களுடன் விசாரித்தார். பம்பாயில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களும் திரைக்குப் பின் வாழ்ந்த ஏழை முஸ்லிம் பெண்களும் அந்த ஆய்வில் இடம்பெற்றார்கள். பாலும் பழமும் காய்கறியும் கிட்டிய வீடுகளில் நோய் அரிதாக இருந்தது. தீட்டிய அரிசியையோ வெள்ளை ரொட்டியையோ மட்டும் நம்பிய வீடுகளில் அது குடியிருந்தது. அந்தப் பெண்கள் உண்ட அதே உணவை எலிகளுக்குக் கொடுத்தபோது சினை எலிகளுக்கும் சோகை கண்டது. அந்த எலிச் சோதனையில் பேன்கள் பரப்பிய தொற்று ஒன்று கலந்து முடிவைக் குழப்பியது பின்னர் தெரியவந்தது. குரங்குகளை வைத்து நடத்திய ஆய்வே உறுதியான விடையைத் தந்தது.

நுண்ணோக்கியில் இந்தப் பெண்களின் இரத்தத்தைப் பார்த்தால் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெருத்துத் தெரிந்தன. இரும்புச்சத்து மட்டும் குறைந்தால் அணுக்கள் சிறுத்துப்போகும். பெருத்த அணு என்றால் குறை வேறு. இதே தோற்றம் கொண்ட மற்றொரு கொடிய சோகைக்கு ஈரலை உண்ணக் கொடுத்தால் குணமாகும் என்று அமெரிக்காவின் மைனாட்டும் மர்ஃபியும் 1926இல் காட்டியிருந்தார்கள். ஈரல் சாறு இந்தப் பெண்களுக்கும் பலன் தந்தது; ஆனால் அதன் விலை ஓர் ஏழை மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகாதது.

மலிவான மாற்றாக அவர் கையில் எடுத்தது மார்மைட். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து இங்கிலாந்தில் 1902 முதல் தயாராகி வந்த கரிய, உப்புக் கரிக்கும் பசை அது. ரொட்டியில் தடவி உண்ணும் பொருள். ஒரு தேக்கரண்டி அளவு, நாளுக்கு இரண்டு முதல் நான்கு முறை கொடுத்தார்கள். சில நாட்களிலேயே பசி திரும்பியது. நான்காம் நாள் வாக்கில் எலும்பு மஜ்ஜை புதிதாகப் பிறப்பித்த இளம் சிவப்பணுக்கள் இரத்தத்தில் தென்பட்டன. படுக்கையை விட்டு எழ முடியாதிருந்த பெண்கள் நடமாடினார்கள். இந்த முடிவு 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது.

வில்ஸ் 1937–38இல் மீண்டும் பம்பாய் வந்தார். நுண்மையாகச் சுத்திகரித்த ஈரல் சாறு இந்தச் சோகையைக் குணப்படுத்தவில்லை. முரட்டுச் சாறும் ஈஸ்ட்டும் குணப்படுத்தின. ஆக, ஈரலில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் வேலை செய்தன என்று அவரும் சக ஆய்வாளர்களும் வாதிட்டார்கள். பெயரிடப்படாத அந்தப் பொருளை மருத்துவ உலகம் 'வில்ஸ் காரணி' என்றது. 1941இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகியோர் 4 டன் பசலைக் கீரையை அரைத்து அதிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். வில்ஸ் தேடியது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1940களின் நடுவில் அதைச் செயற்கையாகத் தயாரிக்கவும் வழி பிறந்தது. இன்று உலகெங்கும் கருவுற்ற பெண்கள் விழுங்கும் மாத்திரையின் பின்னால் பம்பாயிலும் திருவல்லிக்கேணியிலும் தம் இரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை.

இதே காலத்தில் குன்னூரில் அரிசி ஆராயப்பட்டது. ராபர்ட் மெக்காரிசன் 1918இல் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் தொடங்கிய, பெரிபெரி என்ற சத்துக்குறை நோய் பற்றிய விசாரணை, சத்துணவு ஆய்வகமாக வளர்ந்தது. 1935இல் அதன் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணையாக்கி 1937இல் வெளியிட்டார். கீரை, கேழ்வரகு, பயறு ஆகியவற்றின் மதிப்பு முதன்முறையாக எண்களில் கிடைத்தது. கர்ப்பிணிக்குக் கடையில் வாங்கும் சத்துமருந்தைவிடத் தோட்டத்து முருங்கைக்கீரை எவ்வளவு தரும் என்று கணக்குப் பார்க்க முடிந்தது. நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்தும் புழுங்கல் முறை, தவிட்டிலுள்ள பி வைட்டமினை அரிசியின் உள்ளே செலுத்திக் காக்கிறது என்பதையும் குன்னூர் ஆய்வுகள் வலியுறுத்தின. பெரிபெரி வட ஆந்திரக் கடலோரத்தில் வாட்டியபோது புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பியதற்கு அதுவே காரணம். சோற்றை வடித்த கஞ்சியை வீணாக்காமல் உப்பிட்டுக் குடித்த ஏழை வீடுகள், தாம் அறியாமலே அந்தச் சத்தின் ஒரு பகுதியை மீட்டுக்கொண்டன.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த ஆய்வகத்தின் கவனம் தாயின் எடைக்குத் திரும்பியது. சி. கோபாலனும் பி. எஸ். வெங்கடாசலமும் ஏழைத் தென்னிந்தியப் பெண்களைக் கருக்காலம் நெடுகிலும் நிறுத்துப் பார்த்தார்கள். நல்லுணவு உண்ணும் பெண்ணுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் எடை கூடும் இடத்தில், இவர்களுக்குக் கூடியது ஆறு கிலோ அளவே. ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறியது. அங்கே லீலா ஐயங்கார், பிரசவத்துக்கு முந்தைய சில வாரங்கள் பெண்களை மருத்துவமனையில் தங்கவைத்து நிறைவான உணவு கொடுத்துப் பார்த்து, பிறந்த குழந்தைகளின் எடை கூடியதை 1967இல் பதிவுசெய்தார். கடைசி மாதங்களில் அரைவயிறு உண்ணச் சொன்ன பழைய எச்சரிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

அரசுத் திட்டங்கள் இந்த அறிவின்மேல் எழுந்தவை. 1970இல் தொடங்கிய தேசியச் சோகைத் தடுப்புத் திட்டம், 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையை 100 நாள் கொடுத்தது. காகிதத்தில் எளிய ஏற்பாடு, நடைமுறையில் தடுமாறியது. மாத்திரை சில ஊர்களுக்கு வந்து சேரவில்லை. வந்த ஊர்களிலும் குமட்டலுக்கும் மலச்சிக்கலுக்கும் பயந்து பெண்கள் அதை அரிசிப் பானையின் பின்னே ஒளித்தார்கள். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு கரு கெட்டுவிட்டதாக அஞ்சியவர்களும் உண்டு. இரும்பில் உறிஞ்சப்படாத பகுதி வெளியேறுவதே அந்தக் கறுப்பு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் எத்தனையோ மாத்திரைகள் வீணாகியிருக்காது. இரவு உணவுக்குப் பின் விழுங்குவது, உடனே டீயோ காபியோ குடிக்காமல் இருப்பது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்வது ஆகிய மூன்றையும் கிராம சுகாதார செவிலியர்கள் வீடு வீடாகச் சொல்லிப் பழக்கிய பிறகே நிலைமை ஓரளவு மாறியது. கொக்கிப்புழு குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும்வரை எந்த மாத்திரையும் முழுப்பலன் தராது என்பதால், முதல் மூன்று மாதங்களுக்குப் பிறகு புழுநீக்கும் அல்பெண்டசோல் கொடுப்பதும் சேர்ந்தது.

தமிழகத்துக்கென்று தனி வழியும் உருவானது. 1973இல் வெளியான தமிழ்நாடு சத்துணவு ஆய்வைத் தொடர்ந்து, 1980இல் உலக வங்கிக் கடனுதவியுடன் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கிப் பிற மாவட்டங்களுக்குப் பரவியது. குழந்தைகளோடு, ஆபத்தான நிலையிலிருந்த கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்களுக்கும் சத்துமாவு கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் அந்த மாவு எல்லோருக்கும் பங்காகி, அவளுக்குக் கடைசியில் ஒரு வாய் மட்டும் மிஞ்சும் என்ற சிக்கல் எல்லா உணவுத் திட்டங்களையும் போல இதையும் துரத்தியது. கூலி இழப்பை ஈடுகட்டினால் கர்ப்பிணி உண்ணவும் ஓய்வெடுக்கவும் முடியும் என்ற எண்ணத்தில் 1987இல் மகப்பேறு நிதியுதவி வந்தது. எழும்பூர் மருத்துவமனையில் பணியாற்றியவரும், சென்னை மாகாணச் சட்டசபையில் இடம்பெற்றவருமான முத்துலட்சுமி ரெட்டியின் பெயரை அது தாங்கியது. உதவித்தொகை 2006இல் 6,000 ரூபாயாகவும் 2011இல் 12,000 ரூபாயாகவும் 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. கடைசி உயர்வில் 4,000 ரூபாய் மதிப்புக்குப் பேரீச்சை, நெய், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக் அடங்கிய இரண்டு பெட்டகங்கள் பணத்துக்குப் பதிலாகப் பொருளாகவே தரப்பட்டன.

இதற்கிடையே ஃபோலிக் அமிலத்துக்கு இன்னொரு பயன் வெளிப்பட்டது. முதுகுத்தண்டும் மூளையும் மூடாமல் பிறந்த குழந்தையை ஏற்கெனவே பெற்ற தாய்களுக்கு அடுத்த கருவுக்கு முன்பிருந்தே அதைக் கொடுத்தால், அந்தக் குறை மீண்டும் வருவது 72 சதவீதம் தடுக்கப்படுகிறது என்று பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1991இல் காட்டியது. நரம்புக் குழல் கருத்தரித்த 28ஆம் நாள் வாக்கில் மூடிவிடுகிறது. பல பெண்கள் தாம் கருவுற்றதையே அதற்குள் உறுதிசெய்திருக்க மாட்டார்கள். ஆகவே மூன்றாம் மாதம் மருத்துவமனைக்குப் போய்ப் பதிவுசெய்த பிறகு தொடங்கும் மாத்திரை சோகைக்கு உதவும். இந்தக் குறைக்கு உதவாது. திருமணமான உடனே, கருவை எதிர்பார்க்கும் நாளிலிருந்தே உண்ண வேண்டும் என்ற அறிவுரை இதிலிருந்து வந்தது.

புதிய விலக்குகளும் சேர்ந்தன. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட பாதரச நச்சு, மீன் உண்ட தாய்களின் வயிற்றிலேயே சிசுக்களைத் தாக்கியது. 2001இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்களும் சுறா முதலிய பெருமீன்களைத் தவிர்க்கச் சொன்னது. பிற மீன்களைத் தின்று வாழும் பெருமீனின் உடலில் பாதரசம் ஆண்டுக்கணக்காகச் சேர்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கச் சுறாப்புட்டு கொடுக்கும் தமிழ்க் கடலோர வழக்கத்தோடு இது நேராக மோதுகிறது. நெத்திலி, சாளை (மத்தி) போன்ற சிறுமீன்களில் இந்த ஆபத்து மிகக் குறைவு. புரதமும் கொழுப்பமிலமும் அவற்றில் தாராளமாகக் கிடைக்கின்றன, விலையும் குறைவு. அயல்நாட்டு அறிவுரையை அரைகுறையாகக் கேட்டு மீனையே நிறுத்திய வீடுகளில் கர்ப்பிணி இழப்பது அதிகம்.

இத்தனைக்கும் பிறகு சோகை ஒழியவில்லை. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தது. தமிழகத்திலும் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த நிலையில்தான் இருந்தார்கள். ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கும் மாநிலம் இது. கருவுற்ற பின் தொடங்கும் எந்தத் திட்டமும் பூப்பெய்திய நாளிலிருந்து சேர்ந்த குறையை ஆறு மாதத்தில் நிரப்ப முடியாது என்பதால், வளரிளம் பெண்களுக்குப் பள்ளியிலேயே வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை தரப்படுகிறது. கர்ப்பிணிக்கான மாத்திரைக் காலம் 2018 முதல் 180 நாளாக நீண்டது. குறை கடுமையானவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச் சுக்ரோஸ் சிரைவழி ஏற்றப்படுகிறது. இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி நியாயவிலைக் கடைக்கு வந்திருக்கிறது. சாதாரண அரிசியோடு கலந்து வரும் அந்த மணிகள் சற்று வேறு நிறமாகத் தெரிவதால், பிளாஸ்டிக் அரிசி என்று நினைத்துப் பொறுக்கி எறியும் வீடுகள் பல. அது என்ன அரிசி என்று எடுத்துச் சொல்லும் வேலை ஊர்தோறும் செவிலியருக்கும் அங்கன்வாடிப் பணியாளருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.